இயக்கத் திறன்களின் வகைகள்: பயிற்றுவிப்போர் அறிய வேண்டுவன

பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பு ஊசி போடுவது பார்ப்பவர்க்கு எளிய வேலையாகவே தோன்றும். பி.சி.ஜி. எனப்படும் அம்மருந்தின் அளவு, ஒரு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 0.05 மில்லிலிட்டர், ஏறக்குறைய ஒரு துளி. அந்தத் துளி இடது மேற்கையில், தோலின் படலங்களுக்கு இடையிலேயே சென்று நிற்க வேண்டும். சரியாகச் சென்றால் அவ்விடத்தில் வெண்மையான சிறு கொப்புளம் எழும்பும். ஊசிமுனை சற்றே ஆழ்ந்துவிட்டாலோ கொப்புளம் எழாது. பின்னர் சீழ்க்கட்டி உண்டாகவும், அக்குளில் நெறி கட்டவும் கூடும். பயிற்சிக் கூடத்தில், அசையாத மாதிரித் தோலின்மீது பத்து முறையும் பிழையின்றி ஊசி ஏற்றிய பணியாளர், முகாமில் கைகால்களை உதைத்து அழும் குழந்தையின் முன்னே தடுமாறுவது உண்டு. மேற்பார்வையாளர் தம் குறிப்பேட்டில் "கைப்பழக்கம் போதாது" என்று எழுதிவிடுவதும் உண்டு.

குறை உண்மையில் அவர் கையில் இருந்ததா, அன்றி அவருக்கு அளிக்கப்பட்ட பயிற்சியில் இருந்ததா? இக்கேள்விக்கு விடை காண உதவுவது, இயக்க விஞ்ஞானத்தில் திறன்களை வகைப்படுத்தும் முறையாகும். வகைப்பாடு என்றதும் அது பெயர்களை அடுக்கி மனப்பாடம் செய்யும் வேலை என்று எண்ணுதல் கூடாது. ஒரு திறன் எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால், அதனை எவ்வாறு பழக்குவது, எவ்வாறு சோதிப்பது, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்னும் மூன்றும் தெளிவாகிவிடும். பள்ளி ஆசிரியர்க்கும் கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்க்கும் நாள்தோறும் வேண்டியவை இம்மூன்றே அல்லவா?

திறன் என்பது யாது?

சூடான பாத்திரத்தில் விரல் பட்டவுடன் வெடுக்கெனக் கையை இழுத்துக்கொள்கிறோம். இது இயக்கமே, ஆயினும் திறன் அன்று. கற்காமலே வரும் அனிச்சைச் செயல் இது. ஒரு குறிக்கோளை முன்னிட்டு நாமே விரும்பிச் செய்வதாயும், பயிற்சியினால் அடையப்படுவதாயும், உடலையோ உறுப்பையோ அசைத்தே நிறைவேற்றப்படுவதாயும் உள்ள செயலையே இயக்கத் திறன் என்கிறோம். சிலேட்டில் எழுத்துகளை வரைவது இயக்கத் திறன். அச்சிலேட்டில் எழுதும் கணக்குக்கு விடை காண்பது அறிவுத் திறன்.

திறன், ஆற்றல் என்னும் இரு சொற்களையும் நாம் ஒரே பொருளில் வழங்கி வருகிறோம். மொழிபெயர்ப்போர்க்கு இது தொல்லை தருவது. பயிற்றுவிப்போர்க்கோ இது தவறான முடிவுக்கே வழி காட்டிவிடும். அமெரிக்க உளவியலறிஞர் எட்வின் ஃபிளெய்ஷ்மன் 1950-களிலும் 1960-களிலும் நடத்திய ஆராய்ச்சிகளில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். விரல்களின் நுட்பம், நடுங்காமல் கையை நிறுத்தும் தன்மை, கண்டவுடன் செயற்படும் வேகம், பல உறுப்புகளை ஒருசேர இயக்குதல் போன்றவை ஆற்றல்கள். இவை பல செயல்களுக்கும் பொதுவானவை, மனிதர்க்கு மனிதர் வேறுபடுபவை, எளிதில் மாறாதவை. திறனோ குறிப்பிட்ட ஒரு செயலில் பயிற்சியினால் பெற்ற தேர்ச்சி. ஆகவே ஒரு செயலில் தவறியவரை "ஆற்றலற்றவர்" என்று ஒதுக்குமுன், அச்செயலுக்கு உரிய பயிற்சி அவருக்குக் கிடைத்ததா என்று கேட்பதே முறையாகும்.

பெருந்தசையும் நுண்தசையும்

மிகப் பழைய வகைப்பாடு, செயலுக்குப் பயன்படும் தசைகளின் அளவைப் பற்றியது. நடத்தல், ஓடுதல், நீந்துதல், மூட்டை தூக்குதல் முதலியவை உடலின் பெருந்தசைகளால் நிகழ்பவை. ஊசியில் நூல் கோத்தல், எழுதுதல், ஒட்டுக்கட்டும் மொட்டைப் பெயர்த்தெடுத்தல் முதலியவை விரல்களின் சிறு தசைகளைச் சார்ந்தவை. முன்னவற்றில் வலிமையும் சமநிலையும் முதன்மை பெறும். பின்னவற்றில் துல்லியம் முதன்மை பெறும்.

இவ்வகைப்பாடு தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படுவது. குழந்தையின் உடலில் தோள், முழங்கை இவற்றின் கட்டுப்பாடு முன்னும், விரல்களின் கட்டுப்பாடு பின்னும் அமைகின்றன. ஆகவே மணலிலும் தரையிலும் பெரிய வடிவங்களைக் கையை வீசி வரையச் செய்து, பிறகு சிலேட்டுக்கும், அதன்பின் கோடிட்ட ஏட்டுக்கும் கொண்டுவருவது இயற்கையோடு ஒத்த வரிசை. நான்கு வயதுக் குழந்தையின் எழுத்து கோட்டைத் தாண்டிச் செல்வது சோம்பலின் அறிகுறியன்று. அன்றியும், இவ்விரு வகைகளும் தனித்தனியே நிற்பன அல்ல. முதுகும் தோளும் நிலையாக நின்றால்தான் விரல்கள் நுட்பமாக இயங்கும். உட்காரும் பலகையின் உயரம் பொருந்தாத மாணவனின் கையெழுத்தைத் திருத்த முயலும் ஆசிரியர், முதலில் பலகையைத் திருத்த வேண்டும்.

தனிச்செயல், கோவைச்செயல், தொடர்செயல்

இரண்டாவது வகைப்பாடு, ஒரு செயலுக்குத் தொடக்கமும் முடிவும் எங்கே என்று வினவுவது. முத்திரை குத்துதல், பந்தை எறிதல், விளக்கின் பொத்தானை அழுத்துதல் ஆகியவற்றின் தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும். இவை தனிச்செயல்கள். மிதிவண்டி ஓட்டுதல், நீந்துதல், இராட்டையில் நூற்றல் ஆகியவை, செய்பவர் நிறுத்தும் வரை ஒரே ஒழுக்கில் நடைபெறும் தொடர்செயல்கள். இவற்றுக்கு இடையே, பல தனிச்செயல்கள் ஒரு குறித்த வரிசையில் கோக்கப்பட்ட கோவைச்செயல்கள் உள்ளன. மாலையில் மணிகள் போல, இங்கே ஒவ்வொரு செயலும் தனி. ஆயினும் வரிசை பிறழ்ந்தால் பயன் கெடும்.

மறதி இம்மூன்று வகைகளையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. 1962-ஆம் ஆண்டில் ஃபிளெய்ஷ்மனும் பார்க்கரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், விமானம் ஓட்டுவதைப் போன்ற ஒரு தொடர்செயலை நன்கு கற்றவர்கள், இரண்டாண்டுகள் பழகாமலிருந்த பின்னரும் அதனைப் பெரும்பாலும் இழக்கவில்லை என்று கண்டனர். இளமையில் மிதிவண்டி பழகியவர் நெடுங்காலம் கழித்து ஏறினும் சில அடிகள் தள்ளாடியபின் நேரே செல்வதை நாமும் கண்டிருக்கிறோம். கோவைச்செயல்களின் நிலை வேறு. அங்கே கை மறப்பதற்கு முன் வரிசை மறந்துபோகிறது.

இதில் உயிரே அடங்கியிருப்பதற்கு ஓர் உதாரணம் காண்போம். இதயத் துடிப்பு நின்று வீழ்ந்தவர்க்குச் செய்யும் முதலுதவி ஒரு கோவைச்செயல். சுற்றிலும் ஆபத்து உண்டா என நோக்கல், தோளைத் தட்டி அழைத்தல், மூச்சைக் கவனித்தல், 112 என்னும் எண்ணுக்குத் தகவல் சொல்ல ஆளை ஏவுதல், பின்னர் மார்பின் நடுவே இரு கைகளாலும் அழுத்துதல் என்பது அதன் வரிசை. அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நிகழ வேண்டும். பெரியவர்க்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டரை மீறாமலும் மார்பு அமிழ வேண்டும். இதனைக் கற்றவர்களின் தேர்ச்சி, மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே குறையத் தொடங்குகிறது என்பது பல சோதனைகளில் காணப்பட்ட உண்மை. ஒரு நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் வழங்கியதோடு கடமை முடிந்தது என்று ஒரு பள்ளி கருதுமானால், ஓராண்டு கழித்து ஆபத்து நேரும் வேளையில் அச்சான்றிதழ் ஏட்டுச் சுரைக்காயாகவே நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்மணி நேரம் புதுப்பிப்பது, ஆண்டுக்கு ஒருமுறை நாள் முழுவதும் நடத்துவதினும் மேலானது.

பயிற்றும் முறையும் இவற்றில் வேறுபடும். கோவைச்செயலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கற்பித்து, பிறகு இணைக்கலாம். இடையறாத ஒழுங்கு கொண்ட தொடர்செயலை அவ்வாறு பிரித்தால் அதன் உயிர் போய்விடும். கயிறு தாண்டுதலில் கயிறு சுழற்றுவதைத் தனியாகவும் குதிப்பதைத் தனியாகவும் நாள்கணக்கில் பழகிய சிறுமிக்கு, இரண்டும் சேருமிடத்தில் பிறக்கும் தாளம் மட்டும் வாராது.

மூடிய செயலும் திறந்த செயலும்

மேற்கூறிய இரு வகைப்பாடுகளும் செய்பவரின் உடலையே நோக்கின. மூன்றாவது வகைப்பாடு அவரைச் சூழ்ந்துள்ள உலகை நோக்குகிறது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய உளவியலறிஞர் போல்டன், 1957-ஆம் ஆண்டில் தொழில் துறைச் செயல்களை ஆராய்ந்தபோது மூடிய செயல், திறந்த செயல் என்னும் பாகுபாட்டை வகுத்தார். சூழ்நிலை மாறாது நிற்க, செய்பவர் தாம் விரும்பிய நேரத்தில் தொடங்கக்கூடியது மூடிய செயல். சூழ்நிலை மாறிக்கொண்டேயிருக்க, அதனை முன்கூட்டி உணர்ந்து அதற்கேற்ப அசைய வேண்டியது திறந்த செயல். 1963-ஆம் ஆண்டில் பார்பரா நாப் என்னும் ஆங்கிலேய ஆசிரியை இதனை விளையாட்டுத் துறைக்கு விரித்தார். இவ்விரண்டும் இரு தனிப் பெட்டிகள் அல்ல. ஒரு கோட்டின் இரு முனைகள் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு செயலும் அக்கோட்டில் ஏதேனும் ஓரிடத்தில் நிற்கும்.

குண்டு எறிதல் ஒரு முனைக்கு அருகில் உள்ளது. குண்டு காத்திருக்கும், வட்டமும் அசையாது. கபடியில் எதிரணிக்குள் பாடிச் செல்பவரோ மற்றொரு முனையில் நிற்கிறார். எழுவர் அவரைச் சூழ்ந்து இடம் மாறிக்கொண்டிருக்க, அடுத்த அடியை அவர் முன்னரே வகுத்துக்கொள்ள இயலாது. கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் முதல் முனையைச் சார்ந்தும், மட்டை பிடிப்பவர் இரண்டாம் முனையைச் சார்ந்தும் உள்ளனர்.

மூடிய செயலுக்கு வேண்டுவது மாறாத ஒழுங்கு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழகுதல் அங்கே பொருந்தும். திறந்த செயலுக்கு வேண்டுவது மாற்றத்தை எதிர்கொள்ளும் தயார்நிலை. அங்கே பயிற்சியும் மாறிக்கொண்டேயிருக்க வேண்டும். இவ்வகையில் கெர், பூத் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை எண்ணத்தக்கது. எட்டு வயதுச் சிறுவருள் ஒரு பிரிவினர் சிறு பொதிகளை 3 அடித் தொலைவிலுள்ள இலக்கில் எறிந்தே பழகினர். மற்றொரு பிரிவினர் 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறிப் பழகினர். 3 அடியில் ஒரு முறையும் எறிந்ததில்லை. இறுதியில் 3 அடித் தொலைவிலேயே சோதனை வைத்தபோது, அத்தொலைவில் பழகாத இரண்டாம் பிரிவினரே திறம்பட எறிந்தனர். பின்னர் நடந்த சோதனைகள் எல்லாவற்றிலும் இவ்வளவு தெளிவான முடிவு கிட்டவில்லை. எனினும் பயிற்சியில் மாறுதல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாறி மாறிப் பழகுவோர் பயிற்சி நடக்கும்போது பின்தங்கியவர் போலவே காணப்படுவர். 1979-ஆம் ஆண்டில் ஷே, மார்கன் என்போர், கையால் செய்யும் மூன்று செயல்களைக் கற்பித்துப் பார்த்தனர். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அடுத்ததற்குச் சென்றவர்கள் பயிற்சியின்போது விரைவாக முன்னேறினர். மூன்றையும் கலந்து பழகியவர்கள் தடுமாறினர். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. கலந்து பழகியவர்களே நன்கு நினைவில் வைத்திருந்தனர். பயிற்சி வகுப்பின் கடைசி நாளன்று வைக்கும் சோதனை, கற்றதை முழுதும் காட்டாது என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

இப்போது ஊசி போடும் பணியாளரிடம் திரும்புவோம். அவர் கூடத்தில் கற்றது மூடிய செயல். முகாமில் செய்ய நேர்ந்தது திறந்த செயல். ஒன்றைக் கற்பித்து மற்றொன்றில் சோதித்தோம். அவர் கை பழகவில்லை என்பது உண்மையன்று. குழந்தை அசையும் என்பதற்கு அது பழக்கப்படவில்லை. இதற்கு இரு வழிகள் உண்டு. மேற்பார்வையாளர் உடனிருக்க, அசையும் கையோடு பழகும் வாய்ப்பைப் படிப்படியாக அளிப்பது ஒன்று. செயலையே மூடிய முனைக்கு நகர்த்துவது மற்றொன்று. குழந்தையைத் தாய் மடியில் கிடத்திக் கையை எவ்வாறு பற்றிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு முதலில் விளக்கினால், அசைவு பெரிதும் அடங்கும். தாய்க்குச் சொல்லும் அந்த இரண்டு வாக்கியங்களும் ஊசித் திறனின் ஒரு பகுதியே ஆகும்.

பதினாறு கட்டங்கள்

இதுவரை கண்ட பாகுபாடுகளின் குறை, ஒவ்வொன்றும் செயலை ஒரே பக்கத்திலிருந்து நோக்குவதே. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய ஆன்டாய்னெட் ஜென்டைல், 1972-ஆம் ஆண்டில் திறந்த, மூடிய செயல்களை எவ்வாறு கற்பிப்பது என்று எழுதினார். 1987-ஆம் ஆண்டில் அதனை விரித்துப் பதினாறு கட்டங்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டார். அவ்வட்டவணை நான்கு கேள்விகளால் ஆனது. செயலை நிர்ணயிக்கும் சூழ்நிலை நிற்கிறதா, அசைகிறதா? ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் அது மாறுகிறதா? உடல் ஓரிடத்தில் நிற்கிறதா, இடம் பெயர்கிறதா? கைகள் ஏதேனும் பொருளைக் கையாளுகின்றனவா? ஒவ்வொரு கேள்விக்கும் இரு விடைகள். ஆகப் பதினாறு கட்டங்கள். பக்கவாதத்தால் கால் தளர்ந்தவர்களுக்கு மீண்டும் நடை பழக்கும் இயன்முறை மருத்துவத்தில் இது பெரிதும் பயன்பட்டு வருகிறது. மருத்துவமனையின் வழவழப்பான தரையில் வெறுங்கையோடு நடப்பதும், குடத்தைச் சுமந்து வரப்பின்மீது நடப்பதும் வெவ்வேறு கட்டங்களைச் சேர்ந்தவை என்பதை அது காட்டுகிறது.

விவசாய விரிவாக்க ஊழியர்க்கு நன்கு பழக்கமான ஒரு கருவியில் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். முதுகில் சுமந்து மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானை எடுத்துக்கொள்வோம். 16 லிட்டர் கொள்ளளவுள்ள கலத்தைச் சுமந்தவர், ஒரு கையால் நெம்புகோலை இயக்கி, மற்றொரு கையால் தெளிகுழாயைப் பிடித்து, சீரான வேகத்தில் நடக்க வேண்டும். உடல் இடம் பெயர்கிறது. இரு கைகளும் இரு வேறு வேலை செய்கின்றன. நிலம் அசைவதில்லை ஆயினும் அடிக்கு அடி மாறுகிறது. காற்றும் திசை மாறுகிறது. இது எளிய கட்டத்தில் அடங்குவதன்று. விவசாயிகளை வரப்பில் நிறுத்தி ஒருமுறை செய்து காட்டிவிட்டு, பூச்சிமருந்தைக் கலந்து அவர்கள் கையில் கொடுத்தல் நேர்மையான பயிற்சி ஆகாது. தவறின் விலையை அவர்களுடைய தோலும் கண்ணும் நுரையீரலும் செலுத்த நேரும்.

மருந்து கலவாத வெறும் நீரை நிரப்பி, முதலில் நின்ற இடத்திலேயே நெம்புகோலின் தாளத்தைப் பழக்க வேண்டும். அடுத்துச் சமதரையில் நடந்து பழக்க வேண்டும். காய்ந்த தரையில் விழும் ஈரத் தடத்தைக் கொண்டே நடையின் சீரை அறியலாம். பின்னர் பயிர் வரிசைக்கு இடையிலும், அதன்பின் காற்றின் திசையைக் கவனித்தும் பழக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே மாற்றுதல் இதன் இரகசியம். காற்று பலமாக வீசும்போது வேலையை நிறுத்திவிடுவதையும் திறனின் ஒரு பகுதியாகவே கற்பித்தல் வேண்டும்.

கருவி மாறினால் வகையும் மாறும்

செயலுக்கு ஏற்பப் பயிற்சியை அமைப்பதைக் கண்டோம். மனிதனுக்கு ஏற்பச் செயலையே மாற்றியமைக்கவும் கூடும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. பெரியம்மைத் தடுப்புக்கு முன்னாளில் இந்தியாவில் சுழலும் குத்தூசி வழங்கியது. முட்கள் கொண்ட சிறு வட்டத் தகட்டைத் தோலின்மீது அழுத்தித் திருக வேண்டும். எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு திருகுவது என்பதைக் கையே அளந்துகொள்ள வேண்டியிருந்தது. அழுத்தம் மிகுந்தால் புண் பெரிதாகும்.

1960-களில் பெஞ்சமின் ரூபின் என்னும் அமெரிக்கர் இருமுனை ஊசியை உருவாக்கினார். மருந்தில் தோய்த்தால் அதன் இரு முனைகளுக்கும் இடையே தேவையான அளவு தானே நிற்கும். ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, சிறு வட்டத்துக்குள் விரைவாகப் பதினைந்து முறை குத்த வேண்டும், அவ்வளவே. குத்துபவரின் மணிக்கட்டு குழந்தையின் கையின்மீதே ஊன்றியிருப்பதால், குழந்தை அசைந்தால் கையும் உடன் அசையும். நுட்பமான ஓர் அளவீட்டுச் செயல், எண்ணிக்கையுள்ள எளிய செயலாக மாறிற்று. திறந்த முனையிலிருந்து மூடிய முனைக்கு நகர்ந்தது. கிராமத்துத் தொண்டர்கள் இதனைக் கால்மணி நேரத்துக்குள் கற்றுக்கொண்டனர். 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980-ஆம் ஆண்டில் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று நோயைத் தேடியதும், கண்ட இடத்திலேயே வளைத்துத் தடுத்ததும் அவ்வெற்றிக்குக் காரணங்கள். ஆயினும் அத்தனை கைகள் அவ்வளவு விரைவில் தேர்ச்சி பெற்றதில் அந்தச் சிறிய ஊசிக்கும் பங்கு உண்டு.

பயிற்றுவிப்போர் செய்ய வேண்டுவது

ஒரு திறனைக் கற்பிக்கத் தொடங்குமுன் இக்கேள்விகளைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நலம். இச்செயலுக்கு வலிமை வேண்டுமா, துல்லியம் வேண்டுமா? இது ஒரே ஒழுக்காக நிகழ்வதா, வரிசையாகக் கோக்கப்பட்டதா? கோவையாயின், வரிசையை எப்போது மீண்டும் நினைவூட்டப் போகிறேன்? உண்மையான இடத்தில் எதெல்லாம் அசையும், எதெல்லாம் மாறும்? என் வகுப்பில் அவற்றுள் எத்தனை அசைந்தன, எத்தனை மாறின? கருவியையோ, நிற்கும் முறையையோ மாற்றிச் செயலை எளிதாக்க வழியுண்டா?

எந்த வகைப்பாடும் முழுமையானதன்று. ஒரே செயல் இடத்துக்கு இடம் வகை மாறும். குளத்தில் நீந்துவதும் வெள்ளம் வரும் ஆற்றில் நீந்துவதும் ஒன்றல்ல. ஆகவே பட்டியலைப் பார்த்து முத்திரையிடுவதைவிட, செயல் நடக்கும் இடத்துக்கே சென்று பார்ப்பது சிறந்தது. மேற்பார்வையாளர் தம் குறிப்பேட்டில் "கைப்பழக்கம் போதாது" என்று எழுதுமுன், பயிற்சிக் கூடத்துக்கும் முகாமுக்கும் இடையிலிருந்த வேறுபாடுகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அடுத்த வகுப்பின் பாடத்திட்டம் அத்தாளிலேயே இருக்கும்.